நீங்க முன்னாடி போங்க

இதுல உட்காருங்கக்கா. அந்தச் சேருக்கு ஒரு கால் ஆடும், காலையிலருந்து ரெண்டு பேரு விழுந்து எந்திரிச்சாச்சு. பாப்பாவை மடியில வச்சுக்கங்க. ஃபேன் காத்து இந்தப் பக்கம்தான் வருது.

டோக்கனா? என்கிட்டயும் இருந்துச்சு. விடிஞ்சதும் வந்து வாங்கினேன், சின்ன நம்பர்தான். பின்னால வந்தவங்களுக்கு மாத்தி மாத்திக் குடுத்துட்டேன். அந்தப் பச்சைச் சேலைக்காரங்க, ஏம்மா உனக்கு அவசரமே இல்லையான்னு கேட்டாங்க. சிரிச்சு வச்சேன். எனக்கு இன்னிக்குக் கடைசி ஆளாப் போகணும்க்கா. இந்த மண்டபத்துல கடைசியா ஏறுற பேரு என் பிள்ளை பேரா இருக்கணும்.

அதோ தூணைச் சுத்திக்கிட்டு நிக்கிறானே, நீலச் சட்டை, அவன்தான். லோகித்து. கூப்பிட்டா வரமாட்டான். கேட்காது. பாப்பாவுக்கும் அதேதானா? ம். இந்த முகாமுக்கு வேற எதுக்கு வரப்போறீங்க.

எனக்குப் பேச வராதுக்கா. படிப்பை அஞ்சாப்போட நிறுத்திட்டாங்க, புது ஆளைக் கண்டா நாக்கு மேல ஒட்டிக்கும். கடையில பாக்கிச் சில்லறையைக்கூட கேட்டு வாங்க மாட்டேன், எங்க வீட்டுக்காரர் அதுக்கே திட்டுவார். உங்க முகம் எங்க பெரியக்கா ஜாடையா இருக்கு, அதான் வாய் தானா வருது. இன்னும் உங்களுக்கு முன்னால ஏழெட்டுப் பேர் இருக்காங்க. கேளுங்க.

நாங்க சாத்தூர்ப் பக்கம். கட்டிக் குடுத்து திருப்பூருக்கு வந்தேன். அவர் சாயப்பட்டறை, நான் வீட்டுல இருந்தே பனியன் பிசிறு வெட்டுறேன். கம்பெனியிலருந்து பண்டல் பண்டலா வரும், நூல் பிசிறை வெட்டி மடிச்சுக் குடுக்கணும். கத்திரியை வச்சுட்டு எந்திரிக்கும்போது ஒரு நாள் பித்தளைக் குடம் உருண்டு விழுந்துச்சு. பக்கத்துலயே படுத்திருந்தவன் அசையலை. அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது.

இந்த டிரஸ்ட்டைப் பத்திச் சொன்னது கம்பெனி வண்டிக்காரர். காதுக்குள்ள மெஷின் வைப்பாங்க, காசு கிடையாது, ஆனா ஆறு வயசுக்குள்ள வச்சாகணும். அதுக்கு மேல மெஷின் வச்சாலும் மூளை கத்துக்காதாம். இவனுக்கு வர்ற ஆடியில ஆறு முடியுது. இன்னிக்கு ராத்திரி ஆபரேஷனுக்குப் பேர் எடுக்குறாங்க. அதுக்கப்புறம் எடுக்குறது ஆவணியில. அதான்க்கா. இன்னிக்கு விட்டா விட்டதுதான்.

டிரஸ்ட்டுல இருந்து முதல்ல எங்க வீட்டுக்கு வந்தது ஜெனிட்டா மிஸ். நல்ல பிள்ளை. டேப்லெட்ட மடியில வச்சுக்கிட்டு தரையிலயே உட்கார்ந்துச்சு. எல்லாம் கேட்டுச்சு. சொந்தத்துல கட்டினீங்களா, பிள்ளை எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவான், காய்ச்சல் வந்துச்சா. கோயில் மேளம் அடிச்சா இவன் செவுத்துல கையை வச்சுப் பார்ப்பான்னு நான் மெதுவாச் சொன்னேன். அதையும் எழுதிக்கிச்சு. அதெல்லாமா மிஸ் எழுதுவீங்கன்னு கேட்டேன். "இதுல ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா ஒரு கட்டு இருக்குங்க, ஃபைல் மாதிரி. எதை வேணும்னாலும் போடலாம், ஒரு பிள்ளைக்கு இருக்கிறது இன்னொரு பிள்ளைக்கு இருக்கணும்னு இல்லை"ன்னு சொல்லுச்சு. அது எனக்குச் சட்டுனு புரிஞ்சுது. எங்க பண்டலும் அப்படித்தானே, ஒண்ணுல காலர் இருக்கும், ஒண்ணுல வெறும் கை இருக்கும், மேல ஒரு சீட்டு கட்டியிருக்கும்.

கடைசியா போன் நம்பர் கேட்டுச்சு. என் நம்பரைக் குடுத்தேன்.

எங்க காம்பவுண்டுல ஆறு வீடுக்கா. ஆம்பளைங்க போனை எடுத்துட்டு வேலைக்குப் போயிருவாங்க, வீட்டுல இருக்கிற போன் என்னுது ஒண்ணுதான். எங்கண்ணன் வாங்கிக் குடுத்தது. ஆறு வீட்டு சிலிண்டர் மெசேஜும் எனக்குத்தான் வரும். பள்ளிக்கூடத்துல லீவு விட்டாலும் எனக்குத்தான் வரும். யாராவது வந்து, தங்கமாரி உன் நம்பரைக் குடுக்கட்டுமான்னு கேட்டா, முடியாதுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. அதுல என்ன குறையப் போகுது, சோறா, தண்ணியா.

பவுன்தாய் அடுத்த வீடு. அவ மக மகிஷாவுக்கும் இதே குறைதான். டிரஸ்ட்டைப் பத்தி அவளுக்குச் சொன்னதே நான்தான். அவ வீட்டுக்காரர் லாரிக்குப் போறவர், குஜராத்து நாசிக்குன்னு கிடப்பார். அவளும் என் நம்பரைத்தான் குடுத்தா. ஜெனிட்டா மிஸ்ஸே, "ஒரே காம்பவுண்டுதானே, பரவாயில்ல"ன்னு போட்டுக்கிச்சு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவோம், ஒண்ணாத்தான் பரிசோதனை. ஒரு பொட்டலம் சுண்டலை நாலு பேரும் தின்னுக்கிட்டு பஸ்ஸுல வருவோம்.

மாசி மாசம் போன் வந்துச்சு. "உங்க குழந்தைக்கு ஆபரேஷன் முடிவாயிருச்சும்மா"ன்னாங்க. கத்திரி எங்க விழுந்துச்சுன்னே தெரியலை. இவனைத் தூக்கி வச்சுக்கிட்டு, வாசல்ல நின்ன பவுன்தாய் வாயில ஒரு கை சீனியைப் போட்டுட்டேன். அவளும் அழுறா. அப்புறம்தான் போன்ல அந்தம்மா கேட்டாங்க, "பேஷன்ட் பேரு மகிஷாதானே"ன்னு.

போனை அவ கையில குடுத்தேன். அவ வாயில என் வீட்டுச் சீனி இன்னும் கரையலை.

பொறாமைன்னு நினைக்காதீங்க. அவ பிள்ளைக்கு வந்தது எனக்குச் சந்தோஷம்தான். ஆனா இவன் எங்க? ரெண்டு பேரையும் ஒரே நாள்ல பதிஞ்சாங்க, இவன்தான் மூத்தவன். ஜெனிட்டா மிஸ்கிட்ட ஓடினேன். மிஸ் டேப்லெட்ட திருப்பிக் காட்டுச்சு. "இதோ இருக்கானே தங்கமாரி. போட்டோ, மேளம், எல்லாம் இருக்கு பாரு." இருந்தான். சிரிச்சுக்கிட்டு இருந்தான். கோயம்புத்தூர் ஆபீசுக்குப் போனா, அங்க இருந்த மேடம் கம்ப்யூட்டர்ல தேடிட்டு, "அப்படி ஒரு பிள்ளை எங்க லிஸ்ட்ல இல்லையேம்மா"ன்னாங்க. திரும்பி மிஸ்கிட்ட வந்தா, இருக்கான். அங்க போனா, இல்லை. பங்குனி முழுக்க இதேதான். மிஸ்ஸுக்கே சலிச்சுப் போச்சு. "நான் என்ன பிள்ளையை முழுங்கிட்டா வச்சிருக்கேன்"னுச்சு. எங்க வீட்டுக்காரர், "விதியில இல்லாததை இழுத்துக்கிட்டு அலையாத"ன்னார். இவன் என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு பஸ் பஸ்ஸா ஏறி இறங்கினான். எங்க போறோம்னு அவனுக்கு எப்படிச் சொல்றது.

கடைசியில ஜெனிட்டா மிஸ்ஸே என்னைக் கூட்டிக்கிட்டு கம்ப்யூட்டர் சார்கிட்ட போச்சு. நவநீதன் சார். வெளிக் கம்பெனி ஆளு, டிரஸ்ட்டுக்கு இதைச் செஞ்சு குடுத்தவர் அவர்தான். நான் கதவோரமா நின்னேன். அவர்தான், உள்ள வாங்கக்கான்னு கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினார். அதுல எழுத்தே இல்லை, வெறும் கட்டம் கட்டமா இருக்கு, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல கோடு. கோலம் மாதிரி.

"இந்த முதல் கட்டம் மிஸ்ஸோட டேப்லெட்ல எழுதுறது வந்து சேர்ற இடம். அந்தக் கடைசிக் கட்டம் கிளவுடுல இருக்கிற பெரிய கிடங்கு. ஆபீஸ்ல அதைத்தான் பார்ப்பாங்க. நடுவுல இருக்கிற கட்டம் தினம் ராத்திரி தானா இங்கருந்து எடுத்து அங்க கொண்டுபோய் அடுக்கிரும். நான் ஒரு வரி புரோகிராம் எழுதலை மேடம், கட்டத்தை இழுத்து வச்சு கோடு போட்டேன், ஒரே மத்தியானத்துல முடிஞ்சுது"ன்னார். அவருக்கு அதுல ஒரு பெருமை.

மிஸ் விடலை. "அப்ப இவ பிள்ளை எங்க சார்?"

அவர் எதையோ தட்டிப் பார்த்தார். அப்புறம், "ஒரே நம்பரா குடுத்திருக்காங்க?"ன்னு கேட்டார். "எந்தப் பிள்ளைன்னு கிடங்குக்குத் தெரியிறது போன் நம்பரை வச்சுத்தான். ஒரு நம்பருக்கு ஒரு பிள்ளை. அதே நம்பர்ல இன்னொண்ணு வந்தா, அதே பிள்ளையோட புது விவரம்னு நினைச்சுக்கிட்டு, பழசை எடுத்துட்டுப் புதுசை வச்சிரும்."

"ஒரே நம்பரை நாலு வீட்டுல குடுப்பாங்களே சார். லைன் வீட்டுல அதுதானே வழக்கம்."

"இந்தக் காலத்துலயா மேடம்? எங்க வீட்டுல ஆளுக்கு ரெண்டு போன் இருக்கு."

"உங்க வீட்டுல எத்தனை ஆளு?"

"நானும் அம்மாவும்."

மிஸ் நெத்தியைப் பிடிச்சுக்கிச்சு.

கிளவுடெல்லாம் எனக்கு விளங்கலைக்கா, ஆனா கிடங்கு விளங்குச்சு. கம்பெனியில நான் பார்த்திருக்கேன். ரேக்குல ஒரு சீட்டுக்கு ஒரு இடம்தான். அதே சீட்டோட வேற பண்டல் வந்தா, இருக்கிறதை இழுத்துட்டு அதை ஏத்தி வைப்பாங்க. அப்படித்தான் என் பிள்ளை இருந்த இடத்துல அவ பிள்ளையை ஏத்தி வச்சிருக்கு. இழுத்துப் போட்டது எங்க போகும்னு நான் கேட்டுக்கலை.

மாத்திருங்க சார்னு மிஸ் சொல்லுச்சு. இந்த ஒரு கட்டத்துல ஒரு இடத்தை மாத்தினாப் போதும்தானாம். ஆனா கை வைக்க மேல இருந்து உத்தரவு வேணுமாம், அவர் கம்பெனிக்கும் டிரஸ்ட்டுக்கும் ஒப்பந்தம் போன மாசத்தோட முடிஞ்சு போச்சாம். சரி, இவனுக்கு வேற நம்பர் வாங்கிப் போடலாமான்னா, புது நம்பர்னா புதுப் பிள்ளைன்னு எடுத்துக்கிட்டு வரிசையோட வாலுக்குத் தள்ளிருமாம். மகிஷாவுக்கு மாத்தலாமான்னா, அவ ஆபரேஷன், மெஷின், பேட்டரி எல்லாம் இந்த நம்பரோட கட்டிப் போட்டிருக்காம். எந்தப் பக்கம் போனாலும் செவுரு.

அவர் ஒண்ணு சொன்னார். நல்ல மனுஷன்தான், முகத்தைப் பார்த்துச் சொன்னார். "அக்கா, அந்த நம்பர்ல கடைசியா யாரைப் பதியிறாங்களோ அவங்கதான் கிடங்குல நிப்பாங்க. பேர் எடுக்குற அன்னிக்குக் கடைசியா நீங்க இருக்கிற மாதிரிப் பார்த்துக்கங்க. இப்போதைக்கு அதுதான் வழி."

அதைப் பிடிச்சுக்கிட்டேன். வேற எதைப் பிடிக்க?

சித்திரையில பேர் எடுக்குற வாரம் திங்கக்கிழமையே போய், மிஸ் இவனைத் திரும்பப் பதிஞ்சு விடுங்கன்னேன். பதிஞ்சாங்க. மறுநாள் ஆபீசுக்குப் போன் போட்டா, இருக்கான்மான்னாங்க. அன்னிக்கு நான் பாயாசம் வச்சேன். எடுக்கப்போறது வியாழக்கிழமை. நடுவுல புதன் இருக்கிறதை நினைச்சுப் பார்க்கலை. மகிஷாவுக்கு மெஷின் வச்சப்புறம் புதனுக்குப் புதன் பேச்சுப் பயிற்சி. போயிட்டு வந்தா, இன்னிக்கு இத்தனை சத்தத்துக்குத் திரும்புனான்னு மிஸ் டேப்லெட்ல எழுதும். எழுதினா அவதான் கடைசி. வியாழக்கிழமை என் பிள்ளை திரும்ப இல்லை.

பவுன்தாய் வீட்டுக்குப் போனேன். நான் அப்படியெல்லாம் போறவ இல்லைக்கா. இந்தத் தடவை எடுக்கிறதுக்கு முன்னால ஒரே ஒரு வாரம் பயிற்சிக்குப் போகாம இருடின்னு கேட்டேன். அவ துணி அலசிக்கிட்டு இருந்தா, நிமிரலை.

"இப்பத்தான் 'ம்மா'ங்கிறா தங்கம். ஒரு வாரம் விட்டா மறந்துருவான்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

"என் பிள்ளை அதைக்கூடச் சொல்லலையே பவுனு."

"அதுக்கு நான் என்ன செய்ய? நானா உன் பிள்ளையை அழிச்சேன்? நீதானே நம்பர் குடுத்த."

கேட்டீங்களா. நான்தானே நம்பர் குடுத்தேனாம். உதவி செஞ்சவளைப் பார்த்துச் சொல்ற சொல்லா இது? அன்னிக்கோட பேச்சு நின்னு போச்சு. அவளுக்குத் தெரியுமில்லக்கா, தன் பிள்ளை யார் இடத்துல உட்கார்ந்திருக்குன்னு? தெரிஞ்சுக்கிட்டே ஒருத்திக்கு எப்படிச் சோறு இறங்கும்? ஒரு வார்த்தை, உன் பிள்ளை என்னாச்சுன்னு திரும்பிக் கேட்டிருந்தாக்கூட என் மனசு ஆறியிருக்கும். தன் காரியம் முடிஞ்சா அடுத்தவ பிள்ளை எந்த மூலையில கிடந்தா என்னன்னு இருக்கிறவங்களை நான் பார்த்ததே இல்லை.

இன்னொண்ணு சொல்றேன். சாயங்காலம் வாசல்ல நின்னு லோகித்துன்னு கூப்பிடுவேன். கேட்காதுன்னு தெரியும், ஆனாலும் கூப்பிடுவேன், பழகிப்போச்சு. இவன் மண்ணுல விளையாடிக்கிட்டே இருப்பான். பக்கத்து வாசல்ல இருந்து மகிஷாதான் திரும்பிப் பார்க்குது.

ஜெனிட்டா மிஸ் இப்ப இல்லை. கல்யாணமாகி நாகர்கோவிலுக்குப் போயிருச்சு. அந்த சாருக்குப் போன் போட்டா எடுக்கிறதில்லை. இப்ப மேஜையில இருக்கிறதெல்லாம் காலேஜ் பிள்ளைங்க, ஒரு நாள் சேவைக்கு வந்திருக்காங்க. அவங்களுக்கு எதுவும் தெரியாது. கேட்டதைக் குடுத்தா தட்டிக்குவாங்க. இந்தத் தடவை நான் யார்கிட்டயும் எதையும் விளக்கப் போறதில்லைக்கா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பயிற்சி கிடையாது. பவுன்தாய் மகளைக் கூட்டிக்கிட்டு மாமியார் ஊருக்குப் போயிருக்கா, காலையில பஸ் ஏறுறதைப் பார்த்துட்டுத்தான் வந்தேன். நான் கடைசியாப் போய் உட்கார்ந்து, இவன் பேரைச் சொல்லி, நம்பரைச் சொல்லி, அவங்க டேப்லெட்ட மூடுறதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் எந்திரிப்பேன்.

கிடைக்கும்னு சொல்றீங்களா? உங்க வாய் முகூர்த்தம். எனக்கு நம்பிக்கையெல்லாம் போயிருச்சு. போன தடவையும் இப்படித்தான் விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தேன். ஆனா வராம எப்படி இருக்கிறது.

உங்களைக் கூப்பிடுறாங்க பாருங்க. போங்க, பையை நான் பார்த்துக்கிறேன்.

என்னக்கா, அதுக்குள்ள திரும்பி வந்துட்டீங்க? நம்பர் கேட்குறாங்களா. ஆமா, நம்பர் போடாம அது அடுத்த பக்கத்துக்கே போகாது. உங்க வீட்டுல போன் இல்லையா? மூத்த மகன்கிட்டதான் இருக்கா, அந்த நம்பர் மனப்பாடமா வராதா. பக்கத்துல யார்கிட்டயும் கேட்டீங்களா? அவங்க தரமாட்டேன்னுட்டாங்களா. ஒரு நம்பர் குடுக்கிறதுக்கு என்னக்கா அவ்வளவு. மனுஷங்க அப்படி ஆயிட்டாங்க.

அழாதீங்க. பாப்பா உங்க முகத்தையே பார்க்குது பாருங்க.

என் நம்பரைக் குடுங்க.

நிஜமாத்தான். போன் வந்தா நான் சொல்லிவிடுறேன், பல்லடம்தானே, எங்க வீட்டுக்காரர் பட்டறை வண்டி அந்தப் பக்கம் தினம் போகும். எழுதித் தர்றேன், அப்படியே அவங்ககிட்ட நீட்டிருங்க. இதுல என்ன இருக்கு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீங்க செய்ய மாட்டீங்களா.

இருங்கக்கா. ஒரு நிமிஷம்.

நீங்க எனக்கு முன்னாடிதானே போறீங்க? உங்களுக்குப் பின்னால வேற யாரும் இல்லையே? அப்ப சரி. அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாது.

பாப்பாவுக்கு என்ன வயசு சொன்னீங்க, மூணா. மூணுன்னா காலம் கிடக்கு, உங்களுக்கு என்ன.

இல்லைக்கா, நான் அப்புறம் போறேன். பாப்பா கையைப் பிடிச்சுக்கங்க, அங்க ஒரு படி இருக்கு. நான் போய் இவனைத் தூணுல இருந்து பிரிச்சுக் கூட்டிக்கிட்டு வர்றேன். நீங்க முன்னாடி போங்க.